முதலாளிக்குப் பத்தரை மணி வரை உயிர்

முதலாளி செத்துப் போயிருந்தார்.

அதுவும் இன்றைக்கு!

பீங்கான் வாசலிலேயே நின்றுவிட்டான். பீங்கான் பல் செய்வதில் கில்லாடி என்று முதலாளியே அவனுக்கு வைத்த பட்டப்பெயர் அது. அந்த முதலாளி இப்போது பல் அச்சுகளுக்கு நடுவே, மேஜை மேல் முகம் கவிழ்ந்து கிடந்தார்.

மணிக்கட்டைத் தொட்டான்.

சில்லென்று இருந்தது!

ஏற்கெனவே இரண்டு தடவை மாரடைப்பு வந்த மனிதர். மூன்றாவது ஆளையே கொண்டுபோய்விட்டது என்று நினைத்தான். கண் கலங்கியது. ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட அவனைக் கடிந்து பேசாதவர்.

அடுத்த நொடி கடிகாரத்தைப் பார்த்தான்.

மணி பத்து பத்து. பத்தரைக்கு விசா அலுவலகத்திலிருந்து முதலாளிக்குப் போன் வரும்! 'இவர் உங்களிடம் வேலை செய்கிறாரா? இனியும் வேலை உண்டா?' இரண்டே கேள்விகள். முதலாளி 'ஆமாம்' என்றால் நிரந்தரமாக இங்கேயே இருக்கலாம். முதலாளி இல்லையென்றால்... அறுபது நாளில் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

செல்போன் சிணுங்கியது. மனைவி.

"என்னங்க, விசா ஆபீஸ்லேர்ந்து பேசிட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"முதலாளி வந்துட்டாரா?"

"இருக்காரு... இங்கதான் இருக்காரு."

பொய் இல்லையே!

"இது மூணாவது நாடுங்க. பாப்பாவுக்கு இப்பத்தான் நாலு ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சிருக்காங்க. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்க என்னால முடியாது."

போனை வைத்தான். முதலாளியைப் பார்த்துக் கைகூப்பினான்.

"மன்னிச்சுடுங்க. இன்னும் இருபது நிமிஷம் மட்டும் உயிரோட இருங்க. அப்புறம் நானே எல்லாருக்கும் சொல்லிடறேன்."

முதலாளியின் குரல் அவனுக்கு அத்துப்படி. பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் தூள் அடைத்த கரகரப்பு... நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். வீட்டில் அதைச் செய்து காட்டித்தான் மனைவியைச் சிரிக்க வைப்பான்.

தொண்டை வறண்டது. முதலாளி வீட்டிலிருந்து கொண்டுவரும் பிளாஸ்க் மேஜை ஓரத்தில் இருந்தது. காபியை மூடியில் ஊற்றி உதட்டருகே கொண்டுபோனான்...

ட்ரிங்!

மேஜை போன்! அதற்குள்ளா?

மூடியை வைத்துவிட்டு எடுத்தான். இருமினான்.

"சொல்லுங்க."

 மறுமுனையில் ஓர் ஆண்குரல் நடுங்கியது.

"மா... மாமா? நீங்களா?"

முதலாளியின் மச்சினன்! அக்கா வீட்டிலேயே தங்கிக்கொண்டு, இந்தப் பல் லேபைத் தன் பேருக்கு எழுதி வை என்று ஒரு வருஷமாக மல்லுக்கு நிற்பவன்.

"நான் பேசாம என் ஆவியா பேசும்?"

"இல்ல... காபி... காபி குடிச்சீங்களா?"

"ஆச்சு."

"குடிச்சுமா நல்லா இருக்கீங்க?!"

லைன் கட்!

பீங்கான் மூடியைப் பார்த்தான். பிளாஸ்க்கைப் பார்த்தான். முதலாளியைப் பார்த்தான். 

மாரடைப்பாவது, மண்ணாங்கட்டியாவது... கொலை!

செல்போனில் போலீசை அழைத்தான்.

"கொலைங்க! சீக்கிரம் வாங்க. கொலைகாரனும் வந்துக்கிட்டு இருக்கான்!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"செத்தவர் போன்ல பேசினதைக் கேட்டுட்டான்!"

"...குடிச்சிருக்கீங்களா?"

"நல்லவேளை, குடிக்கல!"

விலாசத்தைச் சொல்லி முடித்ததும் மேஜை போன் மறுபடி அடித்தது. சரியாகப் பத்தரை! எடுக்காதே என்றது மனசு. மனைவியும் பாப்பாவும் கண்ணுக்குள் வந்தார்கள். கை எடுத்துவிட்டது.

"உங்க டெக்னீஷியன் உங்ககிட்டதான் வேலை செய்றாரா? இனியும் வேலை உண்டா சார்?" ஒரு பெண் அதிகாரி.

இருமினான்.

"தங்கமான ஆளும்மா. என் கடைசி மூச்சு வரைக்கும் விடமாட்டேன்."

"நல்லது. அனுமதி குடுத்தாச்சு!"

வாசலில் கார் கிறீச்சிட்டது. பல் சுடும் உலைக்குப் பின்னால் பீங்கான் பதுங்கினான். மச்சினன் பாய்ந்து வந்து முதல் வேலையாக பிளாஸ்க்கைத் தூக்கித் தொட்டியில் கவிழ்க்கப் போனான். அப்போதுதான் மேஜையைப் பார்த்தான்.

"செத்துத்தானே கிடக்கான்! அப்போ போன்ல பேசினது யாரு?!"

"அதை ஸ்டேஷன்ல உக்காந்து நிதானமா யோசிக்கலாம்," என்றார் பின்னாலேயே வந்து நின்ற இன்ஸ்பெக்டர்.

க்ளிக்! விலங்கு.

போலீஸ் டாக்டர் வந்து உடலைச் சோதித்த பிறகு, மேஜை போனுக்கு வந்த அழைப்புகளை விசாரித்துவிட்டு இன்ஸ்பெக்டர் பீங்கானிடம் திரும்பினார்.

"எட்டு மணிக்கே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்றார். பத்தரைக்கு விசா ஆபீசுக்குப் பேசினது யாரு?"

பீங்கான் கைகூப்பினான்.

"நான்தான் சார்..."

"அப்போ அந்த அனுமதி ரத்து."

 ஐந்து வருஷம்! எல்லாம் போச்சு!

"அறுபது நாள்ல கிளம்பிடறேன் சார்..."

"எங்கே கிளம்பறீங்க? இந்தக் கேஸுக்கு நீங்கதான் ஒரே சாட்சி. தீர்ப்பு வர்ற வரைக்கும் நாட்டை விட்டு ஒரு அடி நகரக் கூடாது. குடும்பத்தோட இங்கேயே இருங்க. வேலை செய்யவும் அனுமதி உண்டு."

"தீர்ப்பு... எப்போ சார் வரும்?"

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"போன வாரம்தான் ஒரு கொலை கேஸ்ல தீர்ப்பு வந்துச்சு. பதினோரு வருஷம் ஆச்சு."

செல்போன். மனைவி!

"என்னங்க ஆச்சு? இருக்கலாமா, கிளம்பணுமா?"

"பதினோரு வருஷம் இருக்கலாம்..." என்றான் பீங்கான். "அவன் அப்பீல் போனா, பாப்பாவுக்கு மாப்பிள்ளையே இங்கதான்!"