நாலாவது ஆட்சேபணை

"ஏங்க! என் திராட்சைத் தோட்டத்தைப் பீர்க்கங்காய்னு பதிஞ்சது நீங்கதானா?"

கோம்பை கிராமத்து வரப்பில் நின்ற யுவராணி நிமிர்ந்தாள். எதிரே தோட்டத்துச் சொந்தக்காரன் வேல்பாண்டி. கோபத்திலும் சிரிக்கிற கண்கள்... ச்சே, வேலைக்கு வந்த இடத்தில் என்ன நினைப்பு இது!

வேலை, அரசாங்கத்தின் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு. வயல் வயலாகப் படமெடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும். நேற்று வேல்பாண்டியின் நாய் உறுமியதில், தூரத்திலிருந்தே படமெடுத்துவிட்டு ஓடியிருந்தாள். காய் விடாத பந்தல் எல்லாம் தூரத்தில் ஒன்றுதானே!

"நாயைக் கட்டிப் போட்டிருந்தா கிட்ட வந்து பாத்திருப்பேன்ல?"

"கட்டிப் போட்டா அது கோம்பை நாயா? பூனைங்க!"

அவன் செயலியில் போட்டிருந்த ஆட்சேபணைப்படி, முறைத்துக்கொண்டே திருத்தினாள். அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் அதே தோட்டத்திலிருந்து செயலியில் இன்னொரு ஆட்சேபணை: கொடி எண்ணிக்கை தவறு. வந்து எண்ணினாள். அடுத்த வாரம், படத்தில் வெளிச்சம் போதவில்லையாம். வந்தாள், மழையும் வந்தது. பந்தலுக்கடியில் அவள் தலைக்குமேல் சாக்கைப் பிடித்தபடி அவன் தெப்பமாக நனைந்தான். அவளுக்குள் என்னவோ செய்தது... பிடித்திருந்தது.

ஆனால் மேற்பார்வையாளர் ஜெபராணி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னொரு ஆட்சேபணை வந்தா உன்னைய வேலைய விட்டு எடுத்துருவாக, ஆத்தா."

திங்கட்கிழமை நாலாவது வந்தது. 'தோட்டத்தின் அழகு படத்தில் சரியாக வரவில்லை.'

இனி தகவல்தான் நாட்டின் செல்வம் என்று பயிற்சியில் சொன்னார்கள். அந்தச் செல்வத்தில் பாதியை இவன் ஒருவனே தப்பு என்கிறான்! ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு கோம்பைக்குப் போனாள்.

"என் வேலைக்கே உலை வைக்கிறீகளே! உங்களுக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?" சொல்லும்போதே கண் கலங்கியது.

வேல்பாண்டியின் முகம் செத்துவிட்டது. "வேலை போயிருமா? சத்தியமா தெரியாதுங்க..." அங்கேயே செல்போனை எடுத்து ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றான்.

"அப்ப எதுக்குப் போட்டீக?"

"வேற எப்படிங்க உங்கள இங்கன வரவைக்க? நம்பர் கேட்டா செருப்பக் கழட்டுவீகளோன்னு பயம்..." தலை குனிந்தது. "உங்களப் பிடிச்சிருக்குங்க. மொத நாள் நீங்க மொறச்சப்பவே."

கோபப்படத்தான் நினைத்தாள். பாழாய்ப்போன சிரிப்பு முந்திக்கொண்டது. திரும்பி நடந்தவள், பத்தடி போய் நின்றாள்.

"நாலு தடவ நான் வந்துட்டேன்... இனி நீங்க வாங்க. ஞாயித்துக்கிழமை எங்கப்பா வீட்டுலதான் இருப்பாக."