கூரையைச் சரி செய்தது யார்?

ஞாயிறு வகுப்பு டீச்சருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. அதனால் வகுப்பிலேயே மூத்தவளைப் பார்த்து, 'நீ நடத்து' என்று கையால் காட்டினார்.

அவளுக்குப் பத்து வயது. பைபிள் வசனங்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். அதனால் எல்லோரும் அவளை 'எக்ஸ்பிரஸ்' என்பார்கள். மனப்பாடப் போட்டி என்றால் முதல் பரிசு அவளுக்குத்தான்.

"இவ்வளவுதானா!" என்று எழுந்தாள். நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரரைச் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து, இயேசுவின் முன்னால் இறக்க, அவர் குணமாக்கிய பகுதியைக் கடகடவென்று ஒப்பித்து முடித்தாள்.

முன்வரிசையில், எல்லோரும் 'பொடிசு' என்று கூப்பிடும் சிறுமி கை தூக்கினாள். ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை.

"அக்கா, அவருக்கு ரொம்பத் திமிரா? அதான் நடக்க மாட்டேன்னுட்டாரா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பொடிசின் கண்கள் கலங்கின.

எக்ஸ்பிரஸுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த நொடியே அடங்கிவிட்டது. திமிர்வாதம் என்றால் என்ன? அவளுக்கும் தெரியாது!

தெரிந்த மாதிரி சமாளித்திருக்கலாம். பொடிசின் முகத்தைப் பார்த்தபோது மனசு வரவில்லை.

"சிரிக்காதீங்க. எனக்கும்தான் தெரியல" என்றாள். "வாங்க, பைபிளைத் திறந்து பார்ப்போம். மெதுவா."

எல்லோரும் அவளைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அவள் ஒரு வரி வாசித்து நிறுத்தினாள்.

"நாலு பேர் சுமந்துட்டு வந்தாங்க. படுக்கையோட இறக்கினாங்க. அப்படின்னா?"

"கை கால் வராதவர்!" என்றான் ஒருவன். டீச்சர் வேகமாகத் தலையாட்டினார்.

"கதவு வழியா வந்திருக்கலாமே?" என்றாள் பொடிசு.

"இரு, மேல இருக்கு பாரு. வாசல்ல கூட இடமில்லையாம்."

எக்ஸ்பிரஸுக்கு வியப்பாக இருந்தது. இத்தனை நாள் வாயில் ஓடிய வார்த்தைகளுக்குள் இவ்வளவு பெரிய கூட்டமும், மூச்சு வாங்கும் நாலு பேருமா இருந்தார்கள்!

அடுத்த வரியில் பொடிசு விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். "இ... யே... சு... அ... வர்... கள்... வி... சு... வா... சத்... தைக்... கண்... டு..."

சட்டென்று நிமிர்ந்தாள். "அக்கா! 'அவர்கள்'னு போட்டிருக்கு. படுத்திருந்தவர் ஒருத்தர்தானே? அப்போ தூக்கிட்டு வந்தவங்களையும் இயேசு கவனிச்சிருக்காரு!"

வகுப்பே அந்த வரியை எட்டிப் பார்த்தது. டீச்சர் தொண்டையை மறந்து ஏதோ சொல்லப் போனார். கீச்சென்று ஒரு சத்தம்தான் வந்தது.

"எப்படிடி கண்டுபிடிச்சே?" எக்ஸ்பிரஸ் பொடிசைக் கட்டிக்கொண்டாள்.

"நான் எழுத்துக் கூட்டித்தானே படிப்பேன்? அதான் எல்லா எழுத்தும் கண்ணுல பட்டுச்சு."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அதெல்லாம் சரி, கூரையை அப்புறம் யாரு சரி பண்ணினாங்க?"

எக்ஸ்பிரஸ் அந்த அதிகாரத்தின் கடைசிவரை தேடினாள். "எழுதலையே! நாமளா யோசிச்சுக்க வேண்டியதுதான்."

"குணமானாரே, அவரே மேல ஏறியிருப்பாரு!"

"ஐயோ, வீட்டுக்காரர் விட்டிருப்பாரா?"

வகுப்பு முடியும் மணி அடித்தது. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.