ஓடிக்கொண்டிருந்த ஒற்றைக் காலுறை

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள். துணி துவைக்க ஒரே ஓர் அறைதான், அதுவும் தரைக்குக் கீழே. அங்கே இரண்டு சலவை இயந்திரங்களும் துணி உலர்த்த ஓர் அலமாரியும் உண்டு. சுவரில் ஒரு பலகை தொங்கும். அதில் ஒவ்வொரு நாளும் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். உங்கள் வீட்டு எண் போட்ட குட்டிப் பூட்டை எந்தக் கட்டத்தில் மாட்டுகிறீர்களோ, அந்த மூன்று மணி நேரம் அந்த அறைக்கு நீங்கள்தான் ராஜா. மற்றவர்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் ராஜா நேரத்துக்கு வந்துவிட வேண்டும். அரை மணி நேரத்துக்குள் இயந்திரம் ஓடத் தொடங்காவிட்டால் முறை போய்விடும். அப்புறம் யார் முதலில் வருகிறாரோ அவருக்குத்தான்.

இந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவர் நான்காம் மாடியில் தனியாக வசிக்கும் ஹில்டிங். எங்கள் ஹெர்னோசாண்ட் ஊரில் இரவுப் பேருந்து ஓட்டுகிறவர். சலவை அறைக்கும் அவர்தான் பொறுப்பு. இயந்திரத்தின் வடிகட்டியில் யாராவது கொஞ்சம் பஞ்சை விட்டுவிட்டால் போதும், வீடு தேடி வந்து அந்தப் பஞ்சைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். எனக்கும் ஒருமுறை கொடுத்திருக்கிறார். நான் இரண்டாம் மாடி.

எனக்கு எதிர்வீடுதான் பத்து வயது ஸ்வேயாவின் வீடு. அவளுடைய அப்பா வடக்கே காட்டில் மரம் வெட்டும் வண்டி ஓட்டுகிறார். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. அம்மா மாரித் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மருந்து கொடுத்து வருகிற வேலை பார்க்கிறாள். தம்பி சிக்ஸ்டனுக்கு நான்கு வயது.

அந்த நவம்பரில் ஊரே சோர்ந்து கிடந்தது. பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிவிடும். போதாததற்கு வாந்தி நோய் வேறு வீடு வீடாகப் புகுந்து வந்தது. சிக்ஸ்டன் தன் படுக்கையில் வாந்தி எடுத்தான். பிறகு ஸ்வேயாவின் படுக்கையில் எடுத்தான். கடைசியில் அம்மாவின் படுக்கையையும் விட்டுவைக்கவில்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர்களுடைய சலவை முறை. மாரித் இரண்டே முக்காலுக்கு வேலையிலிருந்து வந்தாள். பூட்ஸைக் கழற்றக் கூடத்துத் தரையில் உட்கார்ந்தவள், ஒன்றைக் கழற்றினாள். மற்றொன்றைக் கழற்றுவதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஸ்வேயா உள்ளே தம்பிக்குப் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு ஸ்வேயா வந்து பார்த்து அம்மாவை எழுப்பி, இருவரும் மூட்டையை இழுத்துக்கொண்டு கீழே ஓடியபோது மணி மூன்றே முக்கால். இரண்டு இயந்திரங்களிலும் ஹில்டிங்கின் துணிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

மாரித் கெஞ்சிப் பார்த்தாள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் ஒரு சுத்தமான விரிப்புகூட இல்லை என்று சொன்னாள். ஹில்டிங் சுவரில் இருந்த காகிதத்தைக் காட்டினார்.

"அரை மணி தாண்டிடுச்சு, மாரித். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"விதி எழுதத் தெரியுது. மனுசனைப் பாக்கத்தான் தெரியல," என்றாள் மாரித்.

குரல் இரண்டாம் மாடி வரை கேட்டது. யாரிடமும் உரக்கப் பேசாதவள் மாரித். மேலே வந்ததும் குளியல் தொட்டியில் வெந்நீரை நிரப்பி, முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே விரிப்புகளைக் கையால் கசக்கினாள். அவை காயவேயில்லை. அன்றிரவு மூவரும் மேசை விரிப்பின் மேல் படுத்துத் தூங்கினார்கள்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. காலை உணவுக்கு முன் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, கைகளைக் கோத்துக்கொண்டு ஜெபம் செய்வார்கள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத, மாரித்தின் சொந்த ஜெபம். வேலைக்குப் போகிறவளுக்கும் பள்ளிக்கூடம் போகிறவளுக்கும் பொருந்தும்படி சின்னதாக இருக்கும்.

புதன்கிழமை காலையிலும் மாரித் ஆரம்பித்தாள். "ஆண்டவரே, இன்னிக்கு நாங்க பாக்குற ஒவ்வொருத்தருக்கும்..."

அத்தோடு நின்றுவிட்டாள். சிக்ஸ்டன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

"என்னால இன்னிக்கு முடியல, ஸ்வேயா. நீ சொல்லு."

அம்மா ஜெபத்தைப் பாதியில் விட்டு ஸ்வேயா பார்த்ததே இல்லை. காய்ச்சலில்கூட அம்மா சொல்லி முடிப்பாள். ஸ்வேயாவுக்குப் பயமாகிவிட்டது.

"ஹில்டிங்குக்கும் சேத்தா சொல்லணும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவரை ஆண்டவர் பாத்துக்கட்டும். நீ சொல்லி முடி, பஸ் போயிடும்."

ஸ்வேயா சொன்னாள். "ஆண்டவரே, இன்னிக்கு நாங்க பாக்குற ஒவ்வொருத்தருக்கும் உம்முடைய சமாதானத்தைக் கொண்டுபோக உதவி செய்யும். எங்க வாயிலயும் கையிலயும் கிருபை இருக்கட்டும். ஆமென்."

அம்மா ஆமென் சொல்லவில்லை. மெழுகுவர்த்தியை மட்டும் ஊதி அணைத்தாள்.

அன்று மூன்று மணிக்கு ஸ்வேயா பள்ளியிலிருந்து வந்தபோது, அம்மா சிக்ஸ்டனின் கட்டிலோரம் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். குளியலறையிலிருந்து ஈரவாடை அடித்தது. தொட்டி நிறைய மறுபடியும் விரிப்புகள். அடுத்த சலவை முறைக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது.

பலகையில் ஏதாவது கட்டம் காலியாகி இருக்குமா என்று பார்த்துவிட்டு வரலாம் என ஸ்வேயாவுக்குத் தோன்றியது. விரிப்புகளைப் பிழிந்து மூட்டை கட்டி, அதைப் படிப்படியாக இறக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் காலுறையோடு கீழே போனாள்.

அறை இருட்டாக இருந்தது. விளக்கைப் போட்டாள். இயந்திரங்கள் இரண்டும் வாயைத் திறந்துகொண்டு சும்மா இருந்தன. அன்றைய மூன்று மணிக் கட்டத்தில் மாட்டியிருந்த பூட்டு நான்காம் மாடியுடையது. ஹில்டிங்கின் முறை. கடிகாரத்தில் மூன்றரை ஆக இன்னும் சில நிமிடங்களே பாக்கி.

ஸ்வேயாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மூட்டையின் மேல் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தாள். அவர் எழுதிய விதி, அவருக்கே வைத்த வேட்டு. முள் நகர்ந்தால் போதும். அம்மா எழுந்து பார்க்கும்போது விரிப்புகள் வெள்ளையாக, சூடாக, காய்ந்து இருக்கும்.

ஆனால் காலையில் சொன்ன ஜெபம் வந்து தொல்லை கொடுத்தது. அம்மா சொல்லியிருந்தால் பரவாயில்லை. சொன்னது அவளுடைய வாய்தான். ஒவ்வொருத்தருக்கும் என்றுதானே சொன்னாள்? இல்லை, நாங்கள் பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் என்று சொன்னாள். இன்றைக்கு ஹில்டிங்கை அவள் பார்க்கவில்லையே! இப்படி ஒரு சந்து கிடைத்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. விதி எழுதிய மனிதர் ஏன் வரவில்லை என்று யோசித்தாள். கூடத்துச் சுவரில் சாய்ந்து, ஒரு காலில் பூட்ஸோடு தூங்கிய அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. மேலே போய் அவரைக் கூப்பிடலாம். ஆனால் நான்கு மாடி ஏறி இறங்குவதற்குள் அரை மணி தாண்டிவிடும். வேறு யாராவது கூடையோடு வந்து நிற்பார்கள்.

ஸ்வேயா சட்டென்று வலது காலுறையைக் கழற்றினாள். சிவப்புக் கோடு போட்டது. அதை ஓர் இயந்திரத்துக்குள் எறிந்து, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டதும் மூட்டையை அப்படியே விட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள்.

அடுத்த நிமிடம் கூடையோடு வந்து நின்றது வேறு யாருமில்லை, நான்தான். முறை தவறியிருந்தால் நாம் புகுந்துவிடலாம் என்று நானும் கணக்குப் போட்டுத்தான் இறங்கியிருந்தேன். வழியில் ஸ்வேயா என்னைத் தாண்டி மேலே ஓடினாள், ஏனென்று தெரியவில்லை. வந்து பார்த்தால் அறையில் ஆள் இல்லை. இயந்திரத்துக்குள் ஒரே ஒரு காலுறை மட்டும் தன்னந்தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஹில்டிங்குக்கு என்ன ஆயிற்று என்று எனக்குக் கவலையாகிவிட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே என் வீட்டு வாசல் வரை திரும்பினேன். மாடிப்படியில் பேச்சுக்குரல் கேட்டதால் அங்கேயே நின்றேன்.

ஹில்டிங்கின் கதவு வெகு நேரம் கழித்துத்தான் திறந்ததாம். ஓட்டுநர் சட்டையும் கழுத்துப்பட்டியும் போட்டபடியே தூங்கியிருக்கிறார். தலையணை மடிப்பு கன்னத்தில் அச்சாகப் பதிந்திருந்தது. பாதி ஓட்டுநர்கள் வாந்தி நோயில் படுத்துவிட்டதால் இரவும் பகலுமாக இவரே ஓட்டியிருக்கிறார். ஸ்வேயா மணியைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"அப்போ முறை போச்சு," என்றார். ராத்திரி வேலைக்குப் போட ஒரு சட்டைகூட இல்லை என்று தனக்குள் முணுமுணுத்தார். "போனது போனதுதான். விதி விதிதான்."

"போகல. மெஷின் ஓடுது."

"என்ன போட்டு ஓடுது?"

"என் சாக்ஸ்."

அவர் குனிந்து அவளுடைய கால்களைப் பார்த்தார். ஒன்றில் சிவப்புக் கோட்டுக் காலுறை இருந்தது. மற்றது வெறுங்காலாக, குளிரில் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணா?"

"அவசரத்துல ஒண்ணுதான் கழட்ட முடிஞ்சுது. எத்தனை துணி போடணும்னு நீங்க எழுதலையே."

ஹில்டிங் யோசித்தார். தான் எழுதிய விதியை வரி வரியாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார் போலும். பிறகு தலையாட்டினார். "எழுதல."

பைக்குள் சட்டைகளைத் திணித்துக்கொண்டு அவளுடன் படியிறங்கினார். பாதி வழியில்தான் அடுத்த கேள்வி வந்தது. அவர்களுடைய துணி எங்கே என்று கேட்டார். மூட்டை கீழேதான் இருக்கிறது என்றாள் ஸ்வேயா. அவர் நின்றுவிட்டார்.

"பக்கத்துலயே மூட்டையை வச்சுக்கிட்டு, ஏன் அதைப் போடல?"

ஸ்வேயா உள்ளதையே சொன்னாள். "காலைல ஜெபம் பண்ணது நான்தான்."

என்ன ஜெபம் என்று அவர் கேட்டார். ஹில்டிங் தேவாலயத்துக்குப் போகிற ஆள் இல்லை. அவள் படியில் நின்றபடியே ஜெபம் முழுவதையும் ஒப்பித்தாள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அதுல நானும் இருந்தேனா?"

"பேர் சொல்லல," என்றாள் ஸ்வேயா. "ஆனா இருந்தீங்க."

அவர் மூக்கை இரண்டு முறை உறிஞ்சினார். கீழே போனதும், ஒரு மெஷின் உங்களுக்கு, ஒன்று எனக்கு என்றார். ஒருவர் முறையில் அடுத்தவர் துணி ஓடியதாக எங்கள் கட்டடத்தின் வரலாற்றிலேயே கிடையாது. அவர்கள் பின்னாலேயே படியிறங்கி வந்திருந்த நான் என் காதை நம்பாமல் இன்னும் ஒரு படி கீழே இறங்கினேன்.

துணிகள் உலர் அலமாரிக்குப் போன நேரத்தில் மாரித் பதறிக்கொண்டு வந்தாள். தூங்கி எழுந்து பார்த்தால் மகளும் இல்லை, மூட்டையும் இல்லை. போர்வை சுற்றிய சிக்ஸ்டன் அவள் இடுப்பில் இருந்தான். ஹில்டிங்கைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். மறுபடியும் சண்டையோ என்று ஸ்வேயா பயந்தாள். நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். மாரித் கேட்டுவிட்டு, சிக்ஸ்டனைக் காலிக் கூடையில் உட்கார வைத்தாள். அவன் அதிலேயே சுருண்டுகொண்டான்.

விரிப்புகளை லேசான ஈரத்தில் எடுத்து, இரண்டு முனையிலும் இரண்டு பேர் பிடித்து இழுத்தால்தான் சுருக்கம் போகும். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஸ்வேயா ஒரு முனையைப் பிடித்தாள். ஹில்டிங் மறுமுனையை ஓர் இழுப்பு இழுத்தார். ஸ்வேயா வழுக்கிக்கொண்டு போய் அவர் வயிற்றில் மோதினாள்.

"தள்ளிக்கோ," என்று மாரித் வந்து முனையை வாங்கினாள்.

இருவரும் இழுத்தார்கள். முதலில் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. சுவரையும் விரிப்பையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு நான் பேசினது சரியில்ல, ஹில்டிங்," என்றாள் மாரித். குரல் களைத்திருந்தது. ஆனால் சனிக்கிழமை கேட்ட குரல் இல்லை.

"நான் பேசினதும்தான். குழந்தையை நினைச்சுப் பாத்திருக்கணும்." அவர் இன்னும் கொஞ்சம் இழுத்தார். "நீங்க நல்லா இழுக்கிறீங்க."

"உங்க வீட்டு விரிப்பை யார் பிடிப்பாங்க?"

"அந்தக் குழாய்," என்று மூலையில் இருந்த தண்ணீர்க் குழாயைத் தலையால் காட்டினார். "ஒரு முனையை அதுல கட்டிட்டு நான் இழுப்பேன். அது ஒருநாளும் சண்டைக்கு வந்ததில்ல."

மாரித் சிரித்துவிட்டாள். ஒரு வாரமாக வராத சிரிப்பு, அவளையறியாமல் வந்தது. சிரித்ததில் பிடி தளர்ந்தது. ஹில்டிங் நான்கு அடி பின்னால் போய் இயந்திரத்தில் சாய்ந்து நின்றார். கூடைக்குள்ளிருந்து சிக்ஸ்டன் இன்னொரு தடவை என்றான். படியிலிருந்து நானும் சிரித்து மாட்டிக்கொண்டேன்.

விரிப்பை மடிக்க இருவரும் எதிரும் புதிருமாக நடந்து வந்தார்கள். ஹில்டிங் தன் கையிலிருந்த முனைகளை மாரித்தின் கையில் சேர்த்தார். மடித்ததை அவள் தட்டிச் சமன் செய்து வைத்தாள்.

"அடுத்ததை எடு, ஸ்வேயா," என்றாள் அம்மா.

அலமாரியில் இன்னும் நிறைய விரிப்புகள் இருந்தன. மேலே போக யாருக்கும் அவசரம் இல்லை.