முளைக்காத நானூறு விதைகள்

“விதைல பூச்சிக்குப் போட்ட சாம்பலைத் தட்டிட்டுத் தம்பிகிட்ட குடு. தூசியோட போனா பதிவு ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க. ஆனா தண்ணி படக் கூடாது.”

“இருபது வருஷமா உங்களோட குப்பை கொட்டறேன். இதுகூடவா தெரியாது எனக்கு?”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கணவர் சிரித்தார். அவளோடு அவர் கடைசியாகப் பேசியது அதுதான். பயிர் ரகப் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்கு இப்போது அந்தச் சிரிப்பு யாருடையதோ போல் இருந்தது. வெகுநேரம் மடக்கி வைத்த காலைப் போல மனம் மரத்துக் கிடந்தது.

விதை கொடுத்து மூன்று வாரம் கழிந்த வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.20. விதைப் பரிசோதகர் அம்மாள் தட்டுகளை மேஜையில் வைத்தார். ஈரத்தாளில் நானூறு தட்டைப்பயறு. ஒன்றுகூட முளைக்கவில்லை.

வறட்சியிலும் காய்க்கும் ரகம் அது. பன்னிரண்டு வருஷமாக நல்ல செடியாகப் பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கியது. மாற்று விதை தர ஐந்து மணி வரைதான் அவகாசம். அதற்கும் முதல் விதை செத்த காரணத்தைக் காட்ட வேண்டும். தவறினால், இதே ரகத்துக்கு வரிசையில் அடுத்து நிற்பது ஒரு விதைக் கம்பெனியின் விண்ணப்பம். அவர்கள் பெயரில் பதிவாகிவிட்டால், அந்த விதையை அவள் யாருக்கும் விற்க முடியாது.

“செத்த விதைக்குப் பட்டயம் கேட்டா எப்படிம்மா?” என்றார் கம்பெனி ஆள்.

அவளோடு வந்திருந்த கொழுந்தன் விருட்டென்று எழுந்தான். “இவங்கதான் உள்ள புகுந்து ஏதோ பண்ணியிருக்காங்க மேடம்.”

“உக்காருங்க. எனக்கும் கம்பெனிக்காரரைச் சொல்ல ஆசைதான். பொருந்த மாட்டேங்குது.” பரிசோதகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “கவுன்டர்லயே விதைய ரெண்டாப் பிரிச்சு சீல் வெச்சோம். ஒண்ணு சோதனைக்கு. இன்னொண்ணு பூட்டின குளிர் அறைக்கு. சாவி என் இடுப்புல. அதுலயும் கொஞ்சம் எடுத்து முளைக்கப் போட்டேன். அதுவும் செத்ததுதான்.”

“அப்படின்னா?” என்றாள் அவள்.

“இங்க வர்றதுக்கு முன்னாடியே செத்தாச்சு. வீட்டு விதை கொண்டாந்தீங்களா?”

அவள் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். பரிசோதகர் குளிர் அறைப் பொட்டலத்தில் மீதியிருந்த பயறை எடுத்து, இரண்டையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்தார்.

“பாருங்க. பயறு காயோட ஒட்டியிருந்த பள்ளம். உங்க டப்பாவுல அதுக்குள்ள சாம்பல் இருக்கு. எவ்வளவு தட்டினாலும் அது போகாது. பொட்டலத்துப் பயறுல ஒரு துளி இல்ல. தோலும் லேசா சுருங்கியிருக்கு. யாரோ கொதிக்கிற தண்ணில முக்கிக் காய வெச்சிருக்காங்க.”

“நான் கழுவலை.”

“தெரியும். தம்பிகிட்ட எப்பக் குடுத்து அனுப்புனீங்க?”

“அந்த வாரம் திங்கக்கிழமை. காலைல ஏழு மணி பஸ்ஸுக்கு.”

“பஸ் எவ்வளவு நேரம்?”

“மூணு மணி.”

“ரசீதுல புதன்கிழமை, காலை 11.10 இருக்கு.” அம்மாள் கொழுந்தனைப் பார்த்தார். “பயறு காய ரெண்டு நாள் ஆச்சா தம்பி?”

அந்த ரசீதைப் பத்து தடவையாவது மடித்துப் பிரித்திருந்தாள் அவள். கணவர் இறந்த வாரம் அது. எந்த நாள் எந்த நாளென்று யாருக்கு நினைவு இருந்தது? கோபம் வரவேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை.

கம்பெனி ஆள் இரண்டு கையையும் தூக்கினார். “சத்தியமா எங்க ஆள் இல்ல மேடம்.”

“இல்லதான். உங்க ஆளா இருந்தா வீட்டு விதையையும் சேர்த்துக் கெடுத்திருப்பாரு. இந்தத் தம்பி அதைத் தொடவே இல்ல. இவருக்கு விதை மேல கோபம் இல்ல.” பரிசோதகர் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி வைத்தார். ரகத்தை உருவாக்கியவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர், அவள் கணவருடையது. “இந்தத் தாள் மேலதான்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மணி 4.05.

“ஏன்பா?” என்றாள் அவள்.

அவன் தரையைப் பார்த்தான். “பன்னெண்டு வருஷம் அண்ணன்கூடவே குனிஞ்சு நல்ல செடியாப் பார்த்து அடையாளத்துக்கு நூல் கட்டினேன் அண்ணி. ஒவ்வொரு அறுப்புலயும் கேக்கணும்னு நெனைப்பேன். அண்ணன் மூஞ்சியப் பார்த்தா வாய் வராது. இந்தத் தாளு நின்னுபோனா, மறுபடி எழுதறப்பவாவது கேட்டுடலாம்னு... கம்பெனி வரிசைல நிக்கறது அப்பத் தெரியாது.”

“இப்பக் கேளு.”

அவன் நிமிர்ந்தான்.

“என் பேரையும் போடுங்க அண்ணி.”