மூன்று முறை பதில் இல்லை

ஜெனரேட்டர் கொட்டகையிலிருந்து மறுபடி ‘டக்’ என்று கேட்டது. திரையில் ஒதோங் என்ற பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி எரிந்தது. நலம்.

காவலாளி ஒதோங் சித்தப்பாவின் அடக்கத்துக்காகப் புதன்கிழமையே வடக்கே தன் ஊரான குலுவுக்குப் போய்விட்டார். இன்று சனி.

சர்வர் அறையில் நாலுபெகா திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காலை ஒன்பது மணி, கம்பாலாவின் வெயில் ஜன்னலில் பளீரென்று அடித்தது; எதிர்க்கூரையில் இரண்டு மாராபு நாரைகள் கறுப்புக் கோட்டுப் போட்ட கிழவர்களைப் போல நின்றன; இயந்திரங்களின் சூடேறிய தூசி வாடையையும் மீறி, வெளியே வரவேற்பு மேசையில் அவள் வைத்திருந்த கூடையிலிருந்து வாழையிலையில் அவித்த கோழியின் மணம் கதவிடுக்கில் கசிந்தது. மகள் மிரெம்பேக்கு. விடுதிப் பள்ளியில் இன்று பெற்றோர் வந்து பார்க்கும் நாள். போன தடவை இந்த இயந்திரங்கள் அவளை விடவில்லை. பாவம், பிள்ளை பொழுது சாயும்வரை பள்ளி வாசலிலேயே நின்றாளாம். இன்று பத்து மணிக்குக் கிளம்பியே ஆகவேண்டும்.

இயந்திரங்கள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் ஐந்து மென்பொருள் ஏஜென்ட்களை அவள் எழுதி வைத்தாள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாகமும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்லவேண்டும். மூன்று முறை சொல்லாவிட்டால் தனியே பூட்டு, எழுப்பிப் பார், எழாவிட்டால் அதேபோல் இன்னொன்றை வை. டீசல் தொட்டியின் அளவுகருவி மொம்பாசா துறைமுகத்தில் மாட்டிக்கொண்டதால், கொட்டகையிலேயே குடியிருந்த ஒதோங் காவல் நேரம் முழுக்கக் குச்சி விட்டுப் பார்த்து, அங்கே சுவரிலிருந்த ஒரு பட்டனை அமுக்குவார். அவர் பெயரையும் பாகங்களோடு பாகமாகச் சேர்த்தாள்.

“நான் மட்டும் மெஷினா மேடம்?” என்று சிரித்தார் அவர். “உங்க பேரையும் எழுதுங்க. கெட்டுப்போனா சேர்ந்தே கெட்டுப்போவோம்.”

அவளும் சிரித்துக்கொண்டே எழுதினாள்; இந்த அறையில் இருக்கும் நேரமெல்லாம் தன் மேசையிலுள்ள ஒரு விசையை அவளும் அமுக்கவேண்டும். புதனன்று அவர் கிளம்பியபோது அவர் பெயரை எடுக்க மறந்துவிட்டாள்.

இப்போது அழித்தாள். திரும்ப வந்துவிட்டது. மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. கலைந்ததைப் பழையபடி ஆக்குவதுதானே ஏஜென்ட்களின் வேலை? ஒன்றை நிறுத்தினால் மற்ற நான்கும் அதை எழுப்பின.

“பெத்தவகிட்டயே வம்பா உங்களுக்கு?” என்று திரையைத் திட்டினாள். ஒதோங்குக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, பட்டனை யார்கிட்ட விட்டுட்டுப் போனீங்க?”

“யார்கிட்டயும் இல்லையே மேடம். இங்க குழி தோண்டிக்கிட்டிருக்கோம்.”

“யாரோ அமுக்குறாங்க.”

“சம்பளமில்லாம என் வேலையைப் பாக்குறானா? நல்ல மனுஷன். சோறு போடுங்க.” சிரிப்பு சட்டென்று நின்றது. “மேடம்... கொட்டகைச் சாவி என் பையிலதான் இருக்கு.”

ஜன்னலுக்குப் போனாள். கொட்டகையின் கம்பிவலைக்குப் பின்னால், இருட்டில், காக்கிச் சட்டை போட்ட ஒரு கை. முழங்கை வரைதான் தெரிந்தது. அது எழுந்தது. பட்டனைத் தொட்டது. டக். பிறகு தொங்கியது. நாரைகள் எழும்பிப் பறந்தன.

திரும்பினாள். மணி ஒன்பது நாற்பது. அழித்து அழித்து ஓய்ந்ததில், தன் விசையை அவள் அமுக்கவே இல்லை.

நாலுபெகா: பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை.

கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். “இருக்கேன். இங்கதான இருக்கேன்!”

விளக்குகள் அணைந்தன. எரிந்தன. அணைந்தன. எரிந்தன. ஏஜென்ட்கள் அவளை எழுப்பிப் பார்க்கின்றன.

நாலுபெகா: எழவில்லை.

கதவுக் கண்ணாடியில் முகத்தைப் பதித்தாள். வரவேற்பு மேசை. கூடை இல்லை. தரையில் கோழிச்சாறு, சொட்டுச் சொட்டாக, படிக்கட்டை நோக்கி. கீழே அவளுடைய கார் கிளம்பியது. அவள் கிளப்பும்போது இருமுவதுபோலவே இரண்டு தரம் இருமிக் கிளம்பியது.

கார் சாவி அவள் கையில்.

சனிக்கிழமை. அலுவலகத்தார் எவரும் போனை எடுக்கவில்லை. விடுதிக் காப்பாளர் பதினோரு மணிக்குத்தான் எடுத்தாள்.

“என்ன மிரெம்பே அம்மா, எதிர்லயே நின்னுக்கிட்டு எனக்கு எதுக்குப் போன் பண்றீங்க?” என்று சிரித்தாள்.

“அது நான் இல்ல! பிள்ளையை உள்ள கூட்டிக்கிட்டுப் போங்க!”

“ஹலோ? ஹலோ? ஒண்ணுமே கேக்கலையே.”

திரையில் நாலுபெகாவின் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி எரிந்தது. போனில் வாழையிலை பிரிக்கும் சரசரப்பு. அதற்கும் அப்பால் பிள்ளையின் சந்தோஷக் குரல்.

“இந்தத் தடவை வந்துட்டியே அம்மா! ...அம்மா, ஏன் உன் கை இப்படி ஜில்லுன்னு இருக்கு?”