மூன்றாம் தட்டு

“ஐயோ! லைட்டை அணைங்க... அணைங்க!”

அவள் போட்ட சத்தத்தில், நுண்ணோக்கி அறையின் வாசலில் நின்றவன் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமலே விழித்தான். மழையில் நனைந்த தலை, தோளில் கருவிப்பை, பெரிய பெரிய கண்கள்... அந்தக் கண்களைப் பார்த்ததில் அவளுக்கு அடுத்த திட்டு மறந்தே போனது.

“லென்ஸ் சரிபண்ண வந்தேங்க. உள்ள யாரும் இல்லைன்னு நினைச்சேன்...”

“நல்லா நினைச்சீங்க! வெளிச்சம் பட்டா சாயம் வெளுத்துடும். ரெண்டு நாள் வேலை போச்சு.”

“தப்புதான். பதிலுக்கு ஏதாவது வேலை குடுங்க, செஞ்சுட்டுப் போறேன்.”

அவளுக்கு ஒரு ஆள் தேவைதான். கண்ணாடித் தட்டில் வளரும் செல்கள் யாருடையவை என்று தெரியாதவர்தான் எண்ண வேண்டும். தெரிந்தவர் எண்ணினால் கண், தான் ஆசைப்பட்டதையே பார்க்கும். நாளுக்கு ஒன்றாக மூன்று தட்டுகள்.

“செல்லோட சவ்வு, மேல இருக்கறதை உள்ள இழுத்துக்கும்,” என்று விளக்கினாள். “எதை உடைக்கணும், எதைத் திருப்பி மேல அனுப்பணும்னு உள்ள ஒரு புரதம் பிரிச்சு விடும். உள்ள போனதுக்குச் சாயம் ஏத்தியிருக்கேன். அந்தப் புள்ளிங்க பத்து நிமிஷத்துல ஓரத்துக்கு வந்துட்டா புரதம் நல்லா இருக்கு. நூறு செல்லைப் பாத்து, அப்படி எத்தனைன்னு எண்ணணும்.”

“டிராஃபிக் போலீஸ்னு சொல்லுங்க. புள்ளிங்க வரலைன்னா?”

“வரலைன்னா... பழுது.”

அந்தப் பழுதுதான் தன் அம்மாவின் கால் நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்க வைத்தது என்று அவள் சொல்லவில்லை. அம்மாவிடமிருந்து அது தனக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும் சொல்லவில்லை. இரண்டாம் தட்டு அம்மாவுடையது, மூன்றாவது அவளுடையது. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

முதல் நாள், “சமர்த்துங்க. எல்லாம் ஓரத்துக்கு வந்துடுச்சு,” என்றான். அது யாரோ ஆரோக்கியமான ஒருவருடைய தட்டு. நுண்ணோக்கியின் திருகை முடியளவு திருப்பியபடியே சிரித்தான். “பாத்தீங்களா, இந்தக் கை நடுங்காது. அதான் என் பொழைப்பே.”

“ரொம்பத்தான்!” என்றாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கைதான் நினைவில் இருந்தது. ‘உனக்கு இது தேவையா?’ என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

இரண்டாம் நாள், “பாவம்... எல்லாம் உள்ளேயே முடங்கிக் கிடக்கு,” என்றான். அவள் குறித்துக்கொண்டாள். பேனா வழுக்கியது.

மூன்றாம் நாள் இருட்டில் அவன் எண்ணத் தொடங்கினான். பத்து... இருபது... பாதியில் ஒரு கணம் நின்றான். பக்கத்தில் இருந்தவளிடம் மூச்சுச் சத்தமே இல்லை. பிறகு நூறையும் எண்ணி முடித்தான்.

“நூறுல மூணுதான் ஓரத்துக்கு வந்திருக்கு... இன்னொரு தடவை எண்ணட்டுமா?”

“எத்தனை தடவை எண்ணினாலும் அதேதானே?”

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

வெளியே அடைமழை. பேருந்து நிழற்குடையின் கீழ் நின்று அவள் தன் கால்களையே பார்த்தாள். இன்றைக்கு நிற்கின்றன... எத்தனை வருடத்துக்கு? தெப்பலாக நனைந்து அவன் ஓடி வந்தான்.

“மூணாம் நம்பர் நீங்கதானே?”

“ஆமா. பாவம்னு சொல்ல வந்தீங்களா? அது எனக்கு வேண்டாம். பதினோரு வருஷமா அம்மாவைத் தூக்கித் தூக்கி எங்க அப்பாவோட முதுகே போச்சு. இன்னொருத்தருக்கு அந்தக் கதி வேண்டாம். போயிடுங்க.”

“உங்க அப்பா ஒரு நாளாவது போறேன்னு சொன்னாரா?”

நேற்றுகூட அப்பா அம்மாவுக்குத் தலை வாரிவிட்டு, வகிடு கோணல் என்று திட்டு வாங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு அழகா எல்லாம் பேசத் தெரியாதுங்க. இதைப் பாருங்க...”

வலது கையை நீட்டினான். முடியளவு அசையாத அந்தக் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

“குளிரா?”

“இல்லீங்க. பாதி எண்ணும்போது உங்க மூச்சுச் சத்தம் நின்னுடுச்சு, இது நீங்கதான்னு புரிஞ்சுது. அப்ப ஆரம்பிச்சது, இன்னும் நிக்கல... உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு.”

பேருந்து வந்து நின்றது, போனது. அவள் ஏறவில்லை. அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள். இப்போது மூன்று கைகளும் நடுங்கின.

“எனக்கும் பிடிச்சிருக்கு,” என்றாள். “அதான் இவ்வளவு பயம்...”