மறையத் தாமதித்த பெருக்கல் குறி

இந்தோனேசியாவின் ஸ்மாராங் நகரில் வெயில் மண்டையைப் பிளக்கும் மதியத்தில், தொழிற்பள்ளி வேதியியல் ஆசிரியை ஹெஸ்தி விபோவோவின் வீட்டில் வந்து நின்றாள். உட்காரும் முன்பே விஷயத்தைக் கொட்டினாள்.

"பாக் விபோவோ, என் மாணவி ராத்ரி செய்முறைத் தேர்வுல இஷ்டத்துக்கு நேரத்த எழுதி வெச்சிருக்கா. சாயங்காலத்துக்குள்ள நான் ஃபெயில் போட்டாகணும். போட்டா, ஆஸ்பத்திரி லேப்ல அவளுக்குச் சொல்லி வெச்ச வேலை போயிடும். எனக்குக் கை வரமாட்டேங்குது."

ஊரே 'பாக்', அதாவது ஐயா, என்று அழைக்கும் விபோவோ போலீஸ் ஆய்வகத்தில் பல வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். அவசரம் என்பது அவர் ஜாதகத்திலேயே இல்லை. அவருக்கும் சேர்த்து அவசரப்படுபவன் கூட்டாளி சிப்தோ.

"பக்கத்துல பாத்து எழுதியிருப்பா பாக்" என்றான்.

"பாத்து எழுதினா பக்கத்துல உள்ளதுதானேடா வரும்?" என்று எழுந்தார் விபோவோ. மூவரும் பள்ளி ஆய்வகத்துக்குப் போனார்கள்.

சோதனை எளிமையானதுதான். தயோசல்பேட் கரைசலில் அமிலத்தை ஊற்றினால் கந்தகம் பிரிந்து பால்போல் கலங்கும். குடுவைக்கு அடியில், காகிதத்தில் போட்ட பெருக்கல் குறி மறைய ஆகும் நேரத்தை வைத்து வினையின் வேகத்தை அளக்கலாம். கரைசலில் தண்ணீர் கூடக்கூட வேகம் குறையும்.

"தண்ணி கலக்காத முதல் குடுவையில இவளுக்கும் எல்லாருக்கும் ஒரே நேரம். அப்புறம் தண்ணி ஏற ஏற இவ மட்டும் பின்தங்குறா. கடைசிக் குடுவையில மத்தவங்களுக்கு ஆனதப்போல ரெண்டு மடங்கு" என்றாள் ஹெஸ்தி.

அழுது வீங்கிய கண்களோடு ராத்ரி ஓரமாக நின்றிருந்தாள். அவளுடைய காகிதங்களை விபோவோ எடுத்துப் பார்த்தார். முதல் குறி பளிச்சென்று இருந்தது. கடைசிக் குறியில் மை ஊறிப் பரவியிருந்தது. மற்ற மாணவர்களின் காகிதங்களில் ஈரமே படவில்லை.

"அழுதிருக்கா" என்றான் சிப்தோ.

"கண்ணீர் குடுவை அளவுக்கு வட்டமாவா விழும்? ஹெஸ்தி, வெப்பநிலை பாத்தீங்களா?"

"சுவத்துல தொங்குற வெப்பமானிய காலையில ஒரு தடவ பாப்போம். எல்லாம் இந்த அறையிலயே இருக்கிற தண்ணிதானே பாக்."

"எந்தத் தண்ணி?"

ஹெஸ்தி சற்றுக் கூச்சப்பட்டாள். "காய்ச்சி வடிச்ச தண்ணி வாங்கக் கட்டுப்படியாகல. ஹெட்மாஸ்டர் ரூம் ஏசி சொட்டுறத கேன்ல பிடிச்சு, மறுநாள் எடுத்துக்குவோம்."

விபோவோ ராத்ரியிடம் திரும்பினார். "உன் முறை வந்தப்ப கேன்ல தண்ணி இருந்துச்சாம்மா?"

"இல்ல பாக். தொழுதுட்டு வந்தேன், நான்தான் கடைசி. ஏசிக் குழாயிலேருந்தே பிடிச்சுக்கிட்டேன். அதுவும் அதே தண்ணிதானேன்னு..."

"அதே தண்ணிதான். ஆனா ராத்திரி முழுக்கக் கேன்ல கிடந்தது வெதுவெதுன்னு இருக்கும். குழாயிலேருந்து நேரா வர்றது ஜில்லுன்னு இருக்கும். குளிர்ந்தா வினை மந்தமாகும், குடுவையும் வேர்க்கும். அதான் காகிதம் நனைஞ்சிருக்கு. தண்ணி ஏற ஏற குளிரும் ஏறியிருக்கு. சும்மா எழுதுறவ எல்லாரோடவும் ஒத்துப்போற மாதிரி எழுதுவா. இவ பாத்தத எழுதியிருக்கா."

சிப்தோவுக்குப் பொறுக்கவில்லை. குழாய்த் தண்ணீரைப் பிடித்து வந்து தானே செய்து பார்த்தான். குறி மறைய ராத்ரி எழுதிய நேரம்தான் ஆயிற்று.

ஹெஸ்தி ராத்ரியிடம் திரும்பினாள். "இத ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

ஆசிரியரை எதிர்த்துப் பேசிப் பழகாத பெண் தலை குனிந்துகொண்டாள். "நீங்க 'பொய்தானே?'ன்னு மட்டும்தான் கேட்டீங்க டீச்சர். இல்லன்னு சொன்னேனே."

ஹெஸ்தியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு, 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.